புலம்பெயர் பறவைகளும் நாம் இடும் உணவும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம், புவியியல், குடியியற் கல்வி ஆகிய பாடங்களுக்கும் தமிழ்மொழிக் கட்டுரைக்கும் பயன்படக்கூடியது

இப்பகுதியைக் கற்பதன் மூலம் நீங்கள்,
• பறவைகள் புலம்பெயர்வதற்கான காரணங்களை விளக்குவீர்கள்.
• இலங்கைக்கு வரும் சில பறவைகளையும் அவற்றின் உணவையும் இனங்காண்பீர்கள்.
• பறவைகளைக் குழப்பாது அவதானிக்கும் முறையைக் கூறுவீர்கள்.
• காட்டுப் பறவைகளுக்கு உணவளிப்பதன் நன்மை தீமைகளை ஆராய்ந்து தீர்மானம் எடுப்பீர்கள்.

1. அறிமுகம்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி ஒரு மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் எனத் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அவனது இரக்கத்தைப் புலவர்கள் போற்றினர். ஆனால் விஞ்ஞான மாணவர் ஒருவர் வேறொரு வினாவையும் கேட்கலாம். மயிலுக்குப் போர்வை தேவைப்பட்டதா? உடல் வெப்பத்தைக் காக்க அதற்கு இறகுகள் உண்டு. போர்வையைச் சுமந்துகொண்டு மயிலால் இரை தேடவும் முடியாது, பகைவிலங்கிடமிருந்து பறந்து தப்பவும் முடியாது.

இரக்கம் வேறு, அந்த உயிருக்கு உண்மையில் பயன்படுவது வேறு. இவ்விரண்டும் ஒன்றுசேரும்போதே உதவி முழுமை பெறும். இக்கருத்தை மனத்திற் கொண்டு புலம்பெயர் பறவைகளைப் பற்றியும் அவற்றுக்கு நாம் இடும் உணவைப் பற்றியும் இங்கு ஆராய்வோம்.

2. இலையுதிர்காலமும் பறவைகளின் வருகையும்

வடவரைக்கோளத்தின் இடைவெப்ப நாடுகளில் செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரையான காலம் இலையுதிர்காலம் எனப்படும். எமது நாட்டில் அவ்வாறானதொரு பருவம் இல்லை. எமக்கு அது புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகும். வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முந்திய மழை இக்காலத்திலேயே தொடங்கும். எனினும் வடக்கே நிகழும் இலையுதிர்காலத்தின் விளைவை எமது களப்புகளிலும் வயல்களிலும் நாம் காணலாம். அவ்விளைவே பறவைகளின் வருகையாகும்.

ஆண்டுதோறும் குறித்த காலத்தில், இனம்பெருக்கும் இடத்திற்கும் இனம்பெருக்காத காலத்தைக் கழிக்கும் இடத்திற்கும் இடையே பறவைகள் சென்று மீள்வது புலம்பெயர்தல் எனப்படும். இதனை வலசை போதல் என்றும் கூறுவர். செங்கால் நாரை தென்திசை வந்து வடதிசை மீள்வதைச் சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதுப் பாடல் காட்டுகிறது. பறவைகளின் இப்பயணத்தை எம் முன்னோர் கண்டறிந்திருந்தனர் என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

புலம்பெயர்வதற்கான காரணங்கள் வருமாறு:

(அ) உணவுக் குறைவு – குளிர்காலத்தில் வட பகுதிகளில் பூச்சிகள் மறைந்துவிடும். நீர்நிலைகளும் சேற்று நிலங்களும் உறைந்துவிடுவதால் பறவைகளால் அங்கு இரை தேட முடியாது.

(ஆ) பகற்பொழுதின் நீளம் குறைதல் – இரை தேடக் கிடைக்கும் நேரம் குறைகின்றது. பகல் நீளத்தின் மாற்றம் பறவையின் உடலில் ஓமோன் மாற்றங்களை ஏற்படுத்திப் பயணத்திற்கு ஆயத்தமாக்குகின்றது.

(இ) பரம்பரை இயல்பு – கரையோரப் பறவைகள் பலவற்றில் முதிர்ந்தவை முதலில் புறப்பட்டுவிட, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் பின்னர் தாமாகவே புறப்படுகின்றன. வழியை எவரும் காட்டுவதில்லை. சூரியன், விண்மீன்கள், புவியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு அவை திசையறிகின்றன.

பயணத்திற்கு முன்னர் பறவைகள் மிகுதியாக உண்டு, உடலில் கொழுப்பைச் சேமிக்கின்றன. சில இனங்களின் உடல் நிறை ஏறத்தாழ இரு மடங்காகின்றது. இக்கொழுப்பே பயணத்தின் எரிபொருளாகும். 2022 ஆம் ஆண்டு ஒக்டோபரில், பிறந்து ஐந்தே மாதங்களான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றர் தூரத்தை 11 நாட்களில், எங்கும் இறங்காது பறந்து கடந்தது. அதன் உடலிற் பொருத்தப்பட்ட செய்மதிக் கருவி மூலம் இது அறியப்பட்டது. பட்டைவால் மூக்கன் இலங்கைக்கும் வரும் இனமாகும்.

3. இலங்கையின் முக்கியத்துவம்

புலம்பெயர் பறவைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் வான்வழி பறப்புப் பாதை எனப்படும். இலங்கை மத்திய ஆசியப் பறப்புப் பாதையில் அமைந்துள்ளது. சைபீரியாவின் ஆட்டிக் கரை முதல் இந்து சமுத்திரம் வரை, 30 நாடுகளை உள்ளடக்கிய பாதை இதுவாகும். தெய்வேந்திர முனைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலப்பரப்பு எதுவும் இல்லை. ஆகவே இந்தியாவைக் கடந்து வரும் பல பறவைகளுக்கு இலங்கையே பயணத்தின் முடிவிடமாகும். இங்கு இரை கிடைக்காவிடின் மேலும் தெற்கே செல்ல அவற்றுக்கு இடமில்லை.

கரையோரப் பறவைகள் ஓகஸ்ட் மாதம் முதலே வரத் தொடங்குகின்றன. தகைவிலான், வாலாட்டி, ஆறுமணிக் குருவி முதலியன செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலும், வாத்தினங்கள் பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பின்னரும் வந்துசேர்கின்றன. மார்ச், ஏப்பிரல் மாதங்களில் இவை வடக்கு நோக்கித் திரும்புகின்றன.

அவதானிப்பதற்கு ஏற்ற இடங்கள் சில:

• வங்காலை சரணாலயம் (மன்னார்) – 2008 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டெயர்.
• சுண்டிக்குளம் – 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.
• புந்தல (அம்பாந்தோட்டை) – 1990 இல் அறிவிக்கப்பட்ட, இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம்.
• ஆனைவிழுந்தான் (புத்தளம்) – 2001 இல் ராம்சார் ஈரநிலமானது.

ராம்சார் என்பது ஈரான் நாட்டு நகரமொன்றின் பெயர். ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1971 இல் அங்கு கைச்சாத்திடப்பட்டது.

4. சொண்டும் உணவும்

ஒரு பறவை எதனை உண்ணும் என்பதை அதன் சொண்டைக் கொண்டு ஊகிக்கலாம். சொண்டு உணவுக்கேற்ற இசைவாக்கமாகும்.

(1) பூநாரை – வளைந்த சொண்டு. தலையைக் கவிழ்த்து நீரை வடித்து, அதிலுள்ள அல்காக்களையும் நுண்ணிய இறாலினங்களையும் உண்ணும். இவ்வுணவிலுள்ள கரோட்டினொயிட்டு நிறப்பொருள்களே இதன் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம்.
(2) மூக்கன் – நீண்ட சொண்டு. சேற்றின் ஆழத்திலுள்ள புழுக்களை எடுக்கும்.
(3) உப்புக்கொத்தி – குறுகிய சொண்டு. சேற்றின் மேற்பரப்பிலுள்ள சிற்றுயிர்களைக் கொத்தும்.
(4) ஊசிவால் வாத்து – தட்டையான சொண்டு. நீர்த்தாவரங்களின் வித்துகளையும் நீரிலுள்ள சிற்றுயிர்களையும் உண்ணும்.
(5) தகைவிலான் – சிறிய சொண்டு, அகன்ற வாய். பறந்தவாறே பூச்சிகளைப் பிடிக்கும்.
(6) ஆறுமணிக் குருவி – உறுதியான சொண்டு. உதிர்ந்த இலைகளைக் கிளறிப் பூச்சிகளையும் புழுக்களையும் உண்ணும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் இப்பெயர் பெற்றது.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். பாணையோ சோற்றையோ தனது இயற்கை உணவாகக் கொண்ட பறவை இதில் ஒன்றேனும் உண்டா? இல்லை. களப்பின் கரையில் நாம் பாண் துண்டுகளை எறிந்தால் மூக்கனும் உப்புக்கொத்தியும் அதனை நாடி வரமாட்டா. காகங்களும் மைனாக்களும் நாய்களுமே வரும். அவற்றின் வருகையால் சேற்றில் இரை தேடிய பறவைகள் எழுந்து பறந்துவிடும். தூரதேசத்திலிருந்து வந்த விருந்தாளிக்கு உணவு வைத்ததாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் விருந்தாளியை எழுப்பிவிட்டு வேறொருவருக்குப் பந்தி வைக்கிறோம்.

5. பறவைகளை அவதானிக்கும் முறை

தேவையான பொருள்கள்: குறிப்பேடு, பென்சில், தொப்பி, குடிநீர். தொலைநோக்கி இருப்பின் நன்று. இல்லாவிடினும் அவதானிக்கலாம்.

படிமுறைகள்:

(1) அதிகாலையில் அல்லது மாலையில் செல்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள்.
(2) மண்நிறம், கடும்பச்சை போன்ற மங்கலான நிற ஆடைகளை அணியுங்கள். வெள்ளை, சிவப்பு ஆகியவற்றைத் தவிருங்கள்.
(3) திகதி, நேரம், இடம், வானிலை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள்.
(4) பருமன், நிறம், சொண்டின் வடிவம், கால்களின் நீளம், நடத்தை என்னும் ஒழுங்கில் குறித்துக்கொள்ளுங்கள். பருமனைக் கூறத் தெரிந்த பறவையுடன் ஒப்பிடுங்கள். (உதாரணம்: மைனாவை விடச் சிறியது, காகத்தளவு.)
(5) கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவைகளை எண்ணி, அக்கூட்டத்தில் அவ்வாறான பத்துகள் எத்தனை உள்ளன என மதிப்பிடுங்கள்.
(6) பெயர் தெரியாவிடின் ஊகித்து எழுதாதீர்கள். வரைந்து வைத்துப் பின்னர் நூலைப் பார்த்து இனங்காணுங்கள்.

அவதானிப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம்:

• பறவை தலையை உயர்த்தி உங்களைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். மேலும் நெருங்கினால் அது பறந்துவிடும். ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் சேமித்த சக்தியை அது இழக்கின்றது.
• புகைப்படத்திற்காகக் கல் எறிந்தோ கைதட்டியோ பறவைகளைக் கிளப்பாதீர்கள்.
• பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே அழைக்காதீர்கள். தன் இடத்திற்கு இன்னொன்று போட்டிக்கு வந்துவிட்டதென எண்ணி, இரை தேடுவதை விட்டு அது அலையும்.
• கூடுகளைத் தொடாதீர்கள்.
• இறந்த அல்லது நோயுற்ற பறவைகளைக் கையாலெடுக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் தொற்றலாம். பெரியவர்கள் மூலம் வனசீவராசிகள் திணைக்களத்திற்கு அல்லது அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

நீங்கள் எழுதும் குறிப்பு விளையாட்டுக்குரியதன்று. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 தொடக்கம் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் நடத்தப்படுகின்றது. இதில் பல நாடுகளின் தன்னார்வலர்கள் பங்குபற்றுகின்றனர். இலங்கையில் 1976 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை களப் பறவையியல் குழு, பறவைகளைப் பற்றிய கல்வியிலும் ஆய்விலும் ஈடுபட்டு வருகின்றது. உலகப் புலம்பெயர் பறவைகள் தினம் மே, ஒக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகளில் அனுட்டிக்கப்படுகின்றது.

6. உணவளித்தல் – விளைவுகளை ஆராய்தல்

காட்டுப் பறவைகளுக்கு உணவளிப்பதால் நன்மைகளும் உண்டு. கடுங்குளிர் நிலவும் நாடுகளில் அது சில பறவைகளின் உயிரைக் காக்கின்றது. மனிதருக்கும் பறவைகளுக்கும் இடையே நெருக்கம் வளர்கின்றது. சிறுவர்கள் இயற்கையை நேசிக்கப் பழகுகின்றனர். இவற்றை மறுக்க முடியாது. எனினும் பின்வரும் தீமைகளும் ஏற்படலாம்.

(அ) போசணைக் குறைபாடு: பாணிலும் சோற்றிலும் காபோவைதரேற்று மிகுதி. பறவைக்குத் தேவையான புரதம், கல்சியம், விற்றமின்கள் குறைவு. வயிறு நிறைந்த பறவை இயற்கை இரையைத் தேடாது விடலாம். பொரித்த உணவுகளிலும் மிக்சர் போன்றவற்றிலும் உள்ள உப்பு சிறு பறவைகளுக்குத் தீங்கானது.

(ஆ) நோய் பரவுதல்: இயற்கையில் பரந்து திரியும் பறவைகள் உணவு வைக்குமிடத்தில் நெருங்கிக் கூடுகின்றன. நோயுற்ற பறவையின் உமிழ்நீரும் எச்சமும் உணவிலும் நீரிலும் கலக்கின்றன.

(இ) இனங்களுக்கிடையிலான சமநிலை குலைதல்: எமது மிச்ச உணவால் காகம் போன்ற இனங்களின் குடித்தொகை பெருகும். காகம் பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும்.

(ஈ) நடத்தை மாற்றம்: மனிதருக்கு அஞ்சாத பறவை நாய், பூனை, வாகனம், வேட்டைக்காரர் ஆகியவற்றுக்கு எளிதில் இரையாகும்.

(உ) நீர் மாசடைதல்: எறியப்படும் உணவும் பெருகும் எச்சமும் தேங்கிய நீரில் போசணைப் பொருள்களைக் கூட்டுகின்றன. அல்காக்கள் பெருகி, பின்னர் அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைகின்றது. இது நற்போசணையாக்கம் எனப்படும்.

உதாரணங்கள் மூன்று:

உதாரணம் 1 – ஐக்கிய இராச்சியம். அங்கு வீட்டுத் தோட்டங்களில் பறவைகளுக்கு வித்துகள் வைப்பது பரவலான வழக்கம். 2005 ஆம் ஆண்டளவில் கிரீன்பின்ச் எனப்படும் பச்சை நிறச் சிறு குருவிகளிடையே ஒருகல ஒட்டுண்ணி ஒன்றால் ஏற்படும் தொண்டை நோய் பரவியது. நோயுற்ற குருவியால் உணவை விழுங்க முடியாது. அது கக்கிய உணவை மற்றையவை உண்டபோது நோய் தொற்றியது. உணவுத் தட்டுகளும் நீர்க் கிண்ணங்களும் இதற்கு இடமளித்தன. ஒரு காலத்தில் சாதாரணமாகக் காணப்பட்ட இக்குருவி 2021 இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உணவு வைத்தவர்கள் அனைவரும் பறவைகளை நேசித்தவர்களே என்பதைக் கவனியுங்கள்.

உதாரணம் 2 – கீச்சன், இராஜஸ்தான், இந்தியா. டெமொய்செல் எனப்படும் சிறுவகைக் கொக்குகள் மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து இலையுதிர்காலத்தில் இக்கிராமத்திற்கு வருகின்றன. கிராம மக்கள் பல தசாப்தங்களாக வேலியிட்ட ஓரிடத்தில் அவற்றுக்குத் தானியம் தூவி வருகின்றனர். இக்கொக்குகள் இயல்பாகவே தானியம் உண்பவை. நாய்கள் நுழையாதவாறு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஊரவர் சேர்ந்து பொறுப்பேற்றுள்ளனர். ஆயிரக்கணக்கான கொக்குகள் அங்கு கூடுகின்றன. 2025 இல் கீச்சன் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பிரச்சினை இல்லாமல் இல்லை. பெருங்கூட்டம் ஓரிடத்தில் தங்கியிருப்பதால் மின்கம்பிகளில் மோதி இறப்பனவும் உண்டு. நோய் வருமாயின் அது விரைவாகப் பரவும் ஆபத்தும் உண்டு.

உதாரணம் 3 – வீட்டுக் காகம். தென்னாசியாவுக்குரிய இப்பறவை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கழிவுகளை உண்டு துப்புரவாக்கும் என எண்ணி ஆபிரிக்காவின் சன்சிபார் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மனிதர் எறிந்த உணவில் அது பெருகி, பெருநிலத்தின் கரையோர நகரங்களிலும் பரவி, அங்குள்ள சிறு பறவைகளுக்குப் பகையாயிற்று. 2024 இல் கென்யா பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டமொன்றை அறிவித்தது. காகம் இங்கு குற்றவாளியல்ல. அதனைக் கொண்டுசென்றவர்களும் உணவை எறிந்தவர்களும் மனிதர்களே.

7. காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம்

எமது சமூகத்தில் விரத நாட்களில், சிறப்பாகப் புரட்டாதிச் சனிக்கிழமைகளில், காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே உண்பது வழக்கம். இதுவும் காட்டுப் பறவைக்கு உணவளிப்பதுதானே, இதனைக் கைவிட வேண்டுமா என நீங்கள் வினவலாம்.

வழக்கத்தின் அளவைக் கவனியுங்கள். வீட்டில் அன்று சமைத்த உணவில் ஒரு கைப்பிடி. சுத்தமான இலையில் வைக்கப்படுகின்றது. காகம் உண்டதும் இலை எடுக்கப்படுகின்றது. தனக்கு முன் பிறிதோர் உயிருக்கு என்னும் எண்ணம் அதன் பொருளாகும். அளவும் தூய்மையும் அவ்வழக்கத்திலேயே அடங்கியுள்ளன. காகங்களின் குடித்தொகையைப் பெருக்குவது இக்கைப்பிடிச் சோறன்று. சந்தைகள், உணவகங்கள், திருமண மண்டபங்கள், மீன் இறங்குதுறைகள் ஆகியவற்றின் அருகே நாள்தோறும் திறந்தவெளியில் கொட்டப்படும் கழிவுகளே அதனைப் பெருக்குகின்றன. ஆகவே வழக்கத்தை அதன் அளவோடு பேணலாம். கழிவைக் கொட்டுவதை நிறுத்த வேண்டும். பிளாத்திக்குத் தாளில் பழைய சோற்றைக் கட்டி மதிலில் வைப்பதை வழக்கத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

8. தீர்மானம் எடுத்தல் – நான்கு வினாக்கள்

ஒரு காட்டுப் பறவைக்கு உணவளிக்க விரும்பினால் முதலில் பின்வரும் வினாக்களை உங்களிடமே கேளுங்கள்.

(1) இது இப்பறவையின் இயற்கை உணவை ஒத்ததா?
(2) நான் கொடுக்காவிடின் அது பட்டினியாகுமா?
(3) உணவு வைக்குமிடம் சுத்தமானதா? பாதுகாப்பானதா?
(4) இதனால் வேறு உயிர்களுக்கும் சூழலுக்கும் என்ன நேரும்?

நான்கிற்கும் நல்ல விடை கிடைத்தால் மட்டுமே உணவளிப்பது பொருத்தமாகும். தேசியப் பூங்காக்களில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவளித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கு இவ்வினாக்களுக்கே இடமில்லை.

வீட்டுத் தோட்டத்தில் செய்யக்கூடியவை:

• ஆழமற்ற மட்பாத்திரத்தில் நீர் வைத்தல். நீரை நாள்தோறும் மாற்றிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வரட்சிக் காலத்தில் இது மிகப் பயனுள்ளது.
• தானியம் வைப்பதாயின் உப்பில்லாத, பூஞ்சணம் பிடிக்காத தானியத்தைச் சிறிதளவு வைத்தல். மிச்சத்தை மாலைக்குள் அகற்ற வேண்டும். நோயுற்ற பறவையைக் கண்டால் சில வாரங்களுக்கு நிறுத்த வேண்டும்.
• பூனைக்கு எட்டாத இடத்தைத் தெரிவுசெய்தல்.
• நாவல், பாலை, ஆல் போன்ற மரங்களை வளர்த்தல், வெட்டாது காத்தல். ஒரு ஆலமரம் பழுக்கும் காலத்தில் எத்தனை பறவைகளுக்கு உணவளிக்கின்றது என எண்ணிப் பாருங்கள். அதற்குத் தட்டுக் கழுவும் வேலையும் இல்லை.
• பூச்சிகொல்லிப் பாவனையைக் குறைத்தல். பூச்சிகளே பல பறவைகளின் உணவாகும்.

களப்புப் பறவைகளுக்கு நாம் அளிக்கக்கூடிய மிகச் சிறந்த உணவு, அவை இரை தேடும் சேற்று நிலத்தை அப்படியே விட்டுவைப்பதாகும். கழிவு கொட்டாமை, கண்டல் மரங்களை வெட்டாமை, சதுப்பு நிலத்தை நிரப்பாமை ஆகிய மூன்றும் ஆயிரம் இறாத்தல் பாணை விட மேலான கொடையாகும்.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. இலங்கை அமைந்துள்ள பறப்புப் பாதை
(1) அத்திலாந்திக்குப் பாதை (2) மத்திய ஆசியப் பாதை (3) மிசிசிப்பிப் பாதை (4) பசுபிக் பாதை

2. இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம்
(1) வங்காலை (2) ஆனைவிழுந்தான் (3) புந்தல (4) வில்பத்து

3. நீண்ட பயணத்தின்போது புலம்பெயர் பறவைகளின் பிரதான சக்தி முதல் யாது?
(1) கொழுப்பு (2) கல்சியம் (3) விற்றமின் (4) கனியுப்பு

4. பூநாரையின் நிறத்துக்குக் காரணமாவது
(1) சூரிய ஒளி (2) கடல் நீரின் உப்பு (3) உணவிலுள்ள நிறப்பொருள்கள் (4) குளிர்

பகுதி ஆ – கட்டமைப்பு வினா

பாடசாலை மாணவர் குழுவொன்று ஒக்டோபர் மாதத்தில் வங்காலைக்குச் சென்றது. மாணவன் ஒருவன் சேற்றில் நின்ற மூக்கன்களை நோக்கிப் பாண் துண்டுகளை எறிந்தான். “அவை பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து பசியோடு வந்திருக்கின்றன” என்று அவன் கூறினான்.

(i) மூக்கனின் சொண்டு எவ்வுணவுக்கு இசைவாக்கமடைந்துள்ளது?
(ii) மாணவனின் செயலால் ஏற்படக்கூடிய இரு தீமைகளைத் தருக.
(iii) அவனது கூற்றில் சரியானதையும் செயலில் தவறானதையும் வேறுபடுத்தி எழுதுக.

விடைகள்

பகுதி அ: 1 – (2), 2 – (3), 3 – (1), 4 – (3)

பகுதி ஆ:
(i) சேற்றின் ஆழத்தில் வாழும் புழுக்கள் முதலிய சிற்றுயிர்களை எடுப்பதற்கு.
(ii) காகங்களும் நாய்களும் வருவதால் மூக்கன்கள் இரை தேடுவதை விட்டுப் பறந்து சக்தியை இழக்கும். மிஞ்சிய பாண் நீரை மாசுபடுத்தும்.
(iii) அப்பறவைகள் நெடுந்தூரம் பறந்து கொழுப்பை இழந்து பசியோடு வந்துள்ளன என்பது சரி. அவற்றுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் நல்லது. ஆனால் பாண் அவற்றின் உணவன்று. அவற்றின் உணவு அவை நிற்கும் சேற்றிலேயே உள்ளது. அமைதியாக இரை தேட விட்டு விலகி நின்றிருந்தால் அவனது எண்ணம் நிறைவேறியிருக்கும்.

விடை எழுதுவோர் கவனத்திற்கு: (iii) போன்ற வினாக்களுக்குப் பலர் “உணவளித்தல் தவறு” என ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். இத்தகைய விடை முழுமையற்றது. எண்ணம், செயல், விளைவு என மூன்றையும் பிரித்துக் காரணத்தோடு எழுதுங்கள்.

பகுதி இ – கட்டுரை

“உயிர்களிடத்து அன்பு காட்ட அறிவும் வேண்டும்” என்னும் தலைப்பில் ஏறத்தாழ 200 சொற்களில் கட்டுரை ஒன்று எழுதுக. உமது ஊரில் நீர் அவதானித்த பறவையொன்றையேனும் அதில் எடுத்துக்காட்டுக.